முன்கையில் மைப்புள்ளிகள்

என் அக்காவுக்கு,

ஊரார் சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன். உன் மகன் முரளியைப் பற்றியது.

போன வருடம் பீரோக் கண்ணாடி உடைந்து என் வலது முன்கையில் நரம்பு அறுபட்டது. டாக்டர் தைத்துவிட்டார். ஆனாலும் சுண்டுவிரல் மரத்தே கிடந்தது. கையைத் தட்டிப் பார்க்கச் சொன்னார். எந்த இடத்தில் தட்டினால் விரலுக்குச் சுரீர் என்று போகிறதோ, நரம்பு அதுவரை வளர்ந்திருக்கிறதாம். ஞாயிறுதோறும் அந்த இடத்தில் மையால் ஒரு புள்ளி வைத்தேன். அளந்து நோட்டிலும் குறித்தேன். வாத்தியார் புத்தி போகுமா?

ஆறாவது புள்ளி வைத்த அன்று முரளி ஒரு டப்பாவோடு வந்தான். நரம்பை வளர்க்கும் புரதப் பொடியாம், அவன்தான் விற்கிறானாம். உன் பிள்ளை கொடுத்தது என்று குடித்தேன்.

குடிக்கும்போதே சந்தேகம்தான். கரண்ட் போன அறையில் சுவரைத் தடவுவோமே, அப்படித்தான் வளரும் நரம்பின் நுனியும் விரல் விரலாக நீட்டித் துழாவிப் போகிறது. எப்போது நீட்டுவது, எப்போது மடக்குவது என்று சொல்ல, நரம்புக்கு உள்ளேயே குட்டிப் புரதங்கள் இருக்கின்றன. சில ஆக்சிலரேட்டர், சில பிரேக். இரண்டும் இருந்தால்தான் நரம்பு நீளும், திரும்பும், உருவம் பெறும். பொடியிலுள்ள புரதத்தை வயிறு பருப்பைப் போலச் செரித்துவிடுமே, அது எப்படி நரம்புக்குள் போகும்? போனாலும், வளர்ச்சி மட்டுமே தரும் பொடி பிரேக் இல்லாத ஷேர் ஆட்டோ ஆயிற்றே. நீ ஏறுவாயா?

போன வாரம் ஐயம்பேட்டையிலிருந்து ஒரு நெசவாளர் வந்தார். அவருக்கும் விரல் நரம்பு அறுந்து தைத்திருக்கிறது. போனில் என் கையின் படத்தைப் பார்த்தாராம். "சயின்ஸ் வாத்தியார் கை, பொடியால் தேறியது" என்று போட்டு முரளி எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறான். ஆஸ்பத்திரிப் பயிற்சியை நிறுத்திவிட்டு டப்பா வாங்கலாம் என்றிருந்தார். முரளியும் கூடவே வந்திருந்தான்.

நோட்டை எடுத்துவந்து விரித்தேன். டப்பாவுக்கு முன்னால் புள்ளிக்குப் புள்ளி எவ்வளவு இடைவெளியோ, பின்னாலும் அவ்வளவுதான். ஒரு கையை வைத்து முடிவு கட்ட முடியாது, ஆனால் பொடிக்கு என் கை சாட்சி இல்லை என்றேன்.

அவர் முரளியைப் பார்த்தார். "இந்த நோட்டையும் ஒரு படம் புடிச்சிருக்கலாமேப்பா."

முரளி முகம் சுருங்கிவிட்டது. "இன்னா மாமா, அம்மா உயிரோட இருந்திருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

பேசியிருப்பேனா, அக்கா? தக்காளியைக்கூட நாலு பக்கமும் திருப்பிப் பார்த்து வாங்கியவள் நீ.

போனில் போட்ட படத்தை அழித்துவிட்டேன் என்கிறான் முரளி. நான் இன்னும் நம்பவில்லை. செவ்வாய்க்கிழமை அந்த நெசவாளரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். "நீயும் வந்து டாக்டர் சொல்வதைக் கேள்" என்று முரளியிடம் சொன்னேன். "பார்க்கலாம் மாமா" என்றான்.

வராவிட்டால் வீட்டுக்கே போய்க் கூப்பிடுவேன். அவனைச் சந்தேகப்படுவதை விடமாட்டேன், அக்கா. அவனையும் விடமாட்டேன்.

சுண்டுவிரலில் காகிதம் உரசுவதை உணர்ந்தபடி,
உன் கடைசித் தம்பி