சிவா அண்ணனுக்குத் தோற்றுக் கொடுத்தது

ஜூன் 2, திங்கள்

மழை. ஜூன் என்றால் இங்கே குளிர்காலம், பால்கனிக் கொடியில் துணி இன்னும் ஈரம். யாழினியின் ஸ்கூல் ஸ்வெட்டர் மட்டும் ஹீட்டர் முன்னால், நாற்காலி முதுகில்.

செய்ய வேண்டியது: கார் ரெஜோ (வருஷப் பதிவுக் கட்டணம்). அரிசி, தேங்காய்ப்பால். யாழினிக்குச் சளி மருந்து. அப்பாவுக்குப் போன் (நேற்றும் தள்ளிப் போட்டது).

கவிதாவுக்குக் காலை ஷிப்ட். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது ஷூ மாட்டிக்கொண்டே, "இன்னிக்கு பேமென்ட் வருதா, பிரபு?" என்றாள். வரும் என்றேன். வந்தும் விட்டது.

திங்கட்கிழமை கணக்குத் தீர்க்கும் நாள். வாரம் முழுக்க போக்கர் சீட்டு மேசையில் தோற்றவர்கள், ஜெயித்தவர்களுக்கு நேராக பேங்கில் போட வேண்டும். யார் யாருக்கு என்பதைக் கிளப் ஏஜென்ட் காலையில் வாட்ஸப்பில் சொல்லிவிடுவான். ஆன்லைனில் போக்கர் நடத்த இந்த நாட்டில் அனுமதி இல்லை. அதனால் எல்லாம் இப்படித்தான், தனி ஆப், வாய்ப்பேச்சு, நம்பிக்கை. எனக்கு வரும் பணம் கே.பி. கன்சல்டிங் அக்கவுன்டில் விழும். கன்சல்டிங்! சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை போன பிறகு ஒரு ரோஷத்தில் பதிந்த பெயர். இன்றுவரை ஒரு இன்வாய்ஸ்கூட அனுப்பியதில்லை. கவிதா ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள், அவர் கன்சல்டிங் பண்றார் என்று.

அனுப்பியவர் பெயரை நான் பார்ப்பதே இல்லை. இன்று கண்ணில் பட்டது. சிவரூபன் நடராசா.

கீழ் வீட்டு சிவா அண்ணன் பெயர் அது.

எங்கள் ஹோம்புஷ் பேட்டையில் எத்தனை சிவரூபனோ. இருக்கும். இருக்க வேண்டும்.

ஜூன் 3, செவ்வாய்

வெயில் கொஞ்சம் தலை காட்டியது. துணி காயவில்லை.

மதியம் இரண்டு மணி மேசை. வழக்கமான ஆட்கள். அவர்களில் கேகேஎஸ் என்று பெயர் வைத்திருப்பவரும். சில மாதங்களாக வருகிறார். கையில் என்ன சீட்டு வந்தாலும் விட மனம் வராது, கடைசிவரை காசு போட்டுப் பார்ப்பார். இப்படி ஆடுகிறவருக்கு எங்கள் பாஷையில் ஃபிஷ் என்று பெயர். அவர் உட்கார்ந்தால் மேசை உடனே நிறைந்துவிடும். எல்லோரும் வருவது அவருக்காகத்தான். நானும்.

குப்பை போடும் சாக்கில் பேஸ்மென்ட் போனேன். சிவா அண்ணன் காருக்குள். என்ஜின் ஓடவில்லை. ரொட்டி ஃபேக்டரித் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை மனிதர். கையில் போன், திரையில் பச்சை மேசை. என்னைப் பார்க்கவில்லை. குப்பையைப் போடாமலே பையோடு மேலே வந்துவிட்டேன்.

ஐந்து மணிக்கு வதனி அக்கா யாழினியைக் கொண்டுவந்து விட்டார். சிவா அண்ணனின் மனைவி. தன் பையன்களோடு இவளையும் ஸ்கூலிலிருந்து கூட்டிவந்து, எனக்கு 'மீட்டிங்' முடியும்வரை வைத்துக்கொள்வார். காசு கொடுத்தால் கோபம் வரும்.

"பிள்ளை இண்டைக்குப் புட்டு வடிவாச் சாப்பிட்டவா."

சும்மா கேட்பதுபோல, உங்களுக்கு இலங்கையில் எந்த ஊர் அக்கா என்றேன்.

"காங்கேசன்துறை. நாங்கள் கேகேஎஸ் எண்டுதான் சொல்லுறது. இவருக்கும் அதுதான் ஊர். ஏன் தம்பி?"

"சும்மாதான் அக்கா."

சும்மாவாம்.

ஜூன் 5, வியாழன்

குளிர். கை விறைக்கிறது. ரெஜோ கட்டியாயிற்று.

என்றைக்காவது கவிதாவிடம் உண்மையைச் சொல்லும்போது பேசுவதற்கு மனதுக்குள் ஒரு பிரசங்கம் தயாராக வைத்திருந்தேன். போக்கர் சூது இல்லை, திறமை. படித்தேன், பயிற்சி எடுத்தேன், கோபம் வந்தால் எழுந்துவிடும் ஒழுக்கம் எனக்கு உண்டு. வாடகையில் என் பங்கு வருகிறது. ஆகவே இது தொழில். டாக்டர் மாதிரி, வக்கீல் மாதிரி.

இன்று பழைய ஆட்டங்களை ஆப்பில் திருப்பிப் பார்த்தேன். கேகேஎஸ் வராத நாட்களை மட்டும் தனியே எடுத்து. ஏறினது, இறங்கினது, கிளப் உருவும் கமிஷன் எல்லாம் போக, மிச்சம் ஒன்றுமில்லை. திறமையாம் திறமை. மற்ற எல்லோரும் என்னைப் போலத்தான் படித்திருக்கிறார்கள். எங்கள் எல்லோருடைய திறமைக்கும் சம்பளம் போட்டது, விடியுமுன்னே எழுந்து ரொட்டி அடுக்கப் போகிற ஒரே ஆள்.

இதில் பிழைக்க முடியுமா? முடியும், பக்கத்தில் இன்னொருத்தன் பிழைக்காமல் போனால்.

அப்பாவுக்குப் போன் செய்தேன். வேலை எப்படி என்றார். நன்றாக என்றேன்.

ஜூன் 6, வெள்ளி

சாயங்காலம் மேய்ஸ் ஹில், முருகன் கோவில். காரில் முன்னால் நாங்கள், பின்னால் வதனி அக்காவும் பிள்ளைகளும். சிவா அண்ணன் வரவில்லை, அசதியாம்.

வழியெல்லாம் அக்காவுக்கு ஊரில் இருக்கும் தன் அம்மாவைப் பற்றித்தான் பேச்சு. "எட்டு வருசமாச்சு அம்மாவைப் பாத்து. இந்த டிசம்பர் போவம் எண்டு டிக்கட்டுக்குச் சேர்த்தனாங்கள். இப்ப அடுத்த வருசம் பாப்பம் எண்டுறார். ஓவர்டைம் இல்லையாம். எந்த நேரமும் போனுக்குள்ள தலையைக் குடுத்துக்கொண்டு இருக்கிறார். என்னெண்டு கேட்டால் எரிஞ்சு விழுறார்."

கவிதா என் தொடையில் தட்டினாள். "நீங்க ஒரு வார்த்தை பேசுங்களேன் பிரபு. நீங்க சொன்னா அவர் கேப்பார்."

"ஓம் தம்பி, ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோ."

பேசுகிறேன் என்றேன். சிக்னல் பச்சையாகி, பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

கோவிலில் கவிதா அர்ச்சனைச் சீட்டு வாங்கி, என் நட்சத்திரத்தைச் சொல்லி, "தொழில் விருத்திக்கு" என்றாள். குருக்களும் நீட்டி முழக்கிச் சொன்னார். பக்கத்தில் வதனி அக்கா கண்ணை மூடி எனக்காகவும் சேர்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. விபூதியை நெற்றியில் வைக்கவே கை வரவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

தோசை. யாழினிக்குத் தலைக்கு எண்ணெய், "அப்பா, it's cold!" என்று கத்தல்.

யோசித்தவை:

ஒன்று, சிவா அண்ணனிடம் சொல்லிவிடுவது. அதோடு கவிதாவுக்கும் தெரியும். மாட்டேன்.

இரண்டு, காசைக் கவரில் போட்டு அவர் லெட்டர் பாக்ஸில் வைப்பது. யாரோ தொலைத்தது என்று நேராக போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார். அப்படிப்பட்ட மனிதர்.

மூன்று, கிளப்பை விட்டு நான் விலகுவது. மற்றவர்கள் அவரை மிச்சம் வைக்கமாட்டார்கள்.

நான்கு, அதே மேசையில் அவருக்குத் திருப்பித் தோற்பது.

நான்குதான். அக்கா டிக்கெட் எடுப்பார், அம்மாவைப் பார்ப்பார், எல்லாம் சரியாகும். முகத்துக்கு நேரே எதுவும் சொல்ல வேண்டாம். உண்மையில் அந்தக் கடைசிக் காரணம்தான் முதல் காரணம். கோழை.

ஜூன் 10, செவ்வாய்

மழை விட்டது. காற்று மட்டும்.

கையில் இரண்டு ராஜா, விடவே கூடாத சீட்டு. எதிரில் கேகேஎஸ் மட்டும். பந்தயம் வைத்தார், நான் சீட்டை மடித்துப் போட்டு ஆட்டத்தை அவருக்கே விட்டேன். அடுத்து ஒன்றுமில்லாத சீட்டை வைத்துக்கொண்டு அவரிடம் பெரிய தொகைக்குப் போய் விழுந்தேன். பார்த்துத்தான் செய்ய வேண்டும். இப்படி ஒருவருக்கு விட்டுக்கொடுப்பது தெரிந்தால் ஏஜென்ட் இருவரையும் கிளப்பை விட்டே தூக்கிவிடுவான்.

ஜெயிப்பதைவிடத் தோற்பது கஷ்டமான வேலை. மனிதர் நல்ல சீட்டு வரும்போது பயந்து விலகுகிறார், தப்பான நேரத்தில் பாய்கிறார். அவருக்குத் தோற்பதற்கு நான் படாத பாடு பட்டேன். கடைசியில் சிரிப்புகூட வந்தது. பல மாதம் கழித்து நிம்மதியாக ஒரு காபி.

ஜூன் 13, வெள்ளி

சிவா அண்ணன் படியில் விசிலடித்துக்கொண்டு ஏறுகிறார். கையில் நண்டுப் பை.

இரவுச் சாப்பாட்டுக்கு வதனி அக்கா ஒரு டப்பா நிறைய நண்டுக் கறி கொடுத்தனுப்பினார். பின்னாலேயே போன். "தம்பி, நீங்கள் கதைச்சனீங்கள்போல. ஆள் இந்தக் கிழமை முழுக்க ஒரே சந்தோசம். பெடியளோட பகிடி விட்டுக்கொண்டு திரியுறார்."

"கொஞ்சம் பேசினேன் அக்கா," என்றேன். வெட்கமே இல்லை எனக்கு.

கறி காரம். பிரமாதம். கவிதா விரலைச் சப்பினாள்.

ஜூன் 16, திங்கள்

ஏஜென்ட் செய்தி: இந்த வாரம் கே.பி. கன்சல்டிங் போட வேண்டியது சிவரூபனுக்கு. நானே திட்டம் போட்டதுபோல அமைந்தது. அனுப்பினேன். திரையில் பச்சை டிக். பாதி பாரம் இறங்கிய மாதிரி. இன்னும் இரண்டு மூன்று வாரம், அவரிடம் எடுத்தது எல்லாம் போய்விடும். பிறகு ஏதாவது வேலை. சூப்பர்மார்க்கெட்டில் ஆள் எடுக்கிறார்களாம்.

"பேமென்ட்?" என்றாள் கவிதா. க்ளையன்ட் இழுக்கிறான் என்றேன். "திட்டி ஒரு மெயில் போடுங்க. வேலை வாங்கத் தெரியுதுல்ல?" என்றாள். அவளுக்கு ரோஷம்.

ஜூன் 20, வெள்ளி

எழுதவே கை வரவில்லை.

காலையில் பேஸ்மென்டில் சிவா அண்ணன். இந்த நேரத்தில் ஃபேக்டரியில் இருக்க வேண்டியவர். சவரம் செய்த முகம், புதுச் சட்டை. "தம்பி, இஞ்சை வாரும். ஒரு விசயம். ஆருக்கும் சொல்லக் கூடாது."

"சொல்லுங்க அண்ணா."

"நான் வேலையை விட்டிட்டன்."

காருக்குள் ஃபேக்டரித் தொப்பியைத் தேடினேன், காணோம்.

"விசரன் எண்டு நினைப்பீர். போக்கர் எண்டு ஒண்டு இருக்கு, போனில விளையாடுறது. முதல் கொஞ்சம் காசு விட்டனான்தான். அது பழகுறதுக்குக் குடுத்த காசு. இப்ப பிடிச்சிட்டன். முந்தி என்னட்டைக் காசு வெண்ட ஒரு கொம்பனி, கே.பி. எண்டு. இந்தத் திங்கள் அவங்களே எனக்குக் காசு போட்டிருக்கிறாங்கள். கொம்பனியையே வெண்டிட்டன் தம்பி! இது சூது இல்லை. திறமை."

என் பிரசங்கம். ஒரு சொல் பிசகாமல்.

"அண்ணா, அந்த ஆளு வேணும்னே தோத்திருந்தா?"

விழுந்து விழுந்து சிரித்தார். "காசை வேணுமெண்டு ஆர் தம்பி தோப்பான்? உமக்கு இதுகள் விளங்காது."

அந்தக் கம்பெனி நான்தான் என்பது நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகம் அவ்வளவு பிரகாசம். சொல்லவில்லை. அக்காவுக்கு என்ன சொல்வீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"அதை நான் பாத்துக்கொள்ளுறன்."

மேலே வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அவருக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்தேனே, பாவி.

ஜூன் 21, சனி

மேகமூட்டம். கவிதாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு. டபுள் ஷிப்ட் முடிந்து வந்தாள், தட்டோடு சோபாவிலேயே தூங்கிப்போனாள். தட்டை எடுத்துக் கழுவினேன்.

விட்டுக்கொடுப்பதை நிறுத்தினால் ஒரே வாரத்தில் அவரிடம் ஒன்றும் இருக்காது. நிறுத்தாவிட்டால் என்னிடம் இருக்காது. என் சேமிப்பு எதுவரை தாங்கும் என்று யோசிக்கப் பயம்.

ஜூன் 22, ஞாயிறு

கீழே போய் அவர் வீட்டு மணியை அடித்தேன். இன்று சொல்லியே தீர்வது என்று. யாரும் இல்லை. ஷாப்பிங் போயிருக்கிறார்களாம், சூட்கேஸ் வாங்க. எதிர் வீட்டுக்காரி சொன்னாள்.

ஜூன் 23, திங்கள்

மழை.

ஐந்து மணிக்கு மணி அடித்தது. யாழினி ஓடி உள்ளே வந்துவிட்டாள். வதனி அக்கா வாசலிலேயே நின்றார். கையில் டப்பா, அரியதரம் (நம்ம அதிரசம்தான்), இப்போதுதான் பொரித்த சூடு. கண் கலங்கியிருந்தது.

"என்ன அக்கா?"

"ஒண்டும் சொல்லாதீங்கோ. எல்லாம் அவர் சொன்னவர். ஃபேக்டரியை விட்டிட்டு உங்கட வேலையில அவரைச் சேர்த்துவிட்டனீங்களாம். வீட்டில இருந்தே செய்யிற கொம்பியூட்டர் வேலையாம். இந்தக் காலத்தில கூடப்பிறந்ததுகூட இப்பிடிச் செய்யாது தம்பி."

அவருக்குப் பின்னால், படியின் கீழ்த்திருப்பத்தில் சிவா அண்ணன். கை இரண்டையும் கூப்பி என்னைப் பார்த்து நின்றார். காட்டிக் கொடுத்துவிடாதே என்கிற கும்பிடு. அக்காவுக்கு அவர் நிற்பது தெரியாது.

"அம்மாக்குப் போன் எடுத்துச் சொல்லிட்டன், டிசம்பர்ல வாறம் எண்டு. மனுசி ஒரே அழுகை." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஒண்டு மட்டும் கேக்கிறன், குறை நினைக்காதீங்கோ. வாடகைக்கும் டிக்கட்டுக்கும் கணக்குப் பாக்கோணும். அவரைக் கேட்டால் மழுப்புறார். சம்பளம் எந்த நாள் போடுவினம்?"

டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

"திங்கக்கெழமை திங்கக்கெழமை போட்டுடுவாங்க, அக்கா."