கேட்டுக் கேட்டுப் போட்ட வேலி

என் தங்க மருமகளே,

சாமி புண்ணியத்துல நான் சௌக்கியம். நீ அனுப்பின வக்கீல் நோட்டீஸ் கிடைச்சுது. உங்கப்பன், அதான் என் தம்பி, விட்டுட்டுப் போன எடத்த விக்கணும், காலி பண்ணுன்னு நீயே ரெண்டு வரி எழுதியிருக்கலாமேடி.

என் மகன், அதான் உன் அத்தான், என்னை ஒரு வக்கீல்கிட்ட இழுத்துட்டுப் போனான். "யாரையும் கேக்காம, ஊரே பாக்க, பன்னெண்டு வருஷம் சொந்த எடமா ஆண்டிருந்தா அது உங்களுக்கே ஆயிடும்மா. நீங்க இருபத்தாறு வருஷமா இருக்கீங்க. ஜெயிச்சாச்சு"ன்னார்.

என் வாய்தான் சும்மா இருக்காதே! "கேக்காம எப்படிங்க? வேலி போடவும் கேட்டேன், எலுமிச்சை வைக்கவும் கேட்டேன். தம்பியும் 'உன் இஷ்டம்க்கா'ன்னு எழுதுவானே"ன்னேன்.

அவர் தலையில கைய வச்சுட்டார். "அனுமதி வாங்கி இருந்தா அது ஆண்டதாகாது. அந்தக் கடிதாசிங்க உங்ககிட்ட மட்டும்தானே இருக்கு? அடுப்புல போடுங்க."

அடுப்பு வரைக்கும் போனேன், பொய் சொல்ல மாட்டேன். உங்கப்பன் கையெழுத்துதான் கோழி கிளறின மாதிரி இருக்குமே, எழுத்துக் கூட்டிப் படிக்க உக்காந்துட்டேன். அதுக்குள்ள அடுப்பு அணைஞ்சுபோச்சு. உன் அத்தான் ரெண்டு நாளா என்கூடப் பேசல.

ஒன்பது கடிதாசியும் இதோட வச்சிருக்கேன். உன் வக்கீல்கிட்ட குடு.

அப்புறம், பின்பக்கம் ஓடு ஒழுகுது, மழைக்கு முன்னாடி மாத்தணும். உங்கப்பன் போனப்புறம் உன்னைத்தானே கேக்கணும்? மாத்தட்டுமாடி?

உன் பதிலுக்கு வாசலையே பாத்துட்டிருக்கிற
உன் அத்தை