ஏணியோடு விழுந்தேன்

பாப்பா அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? பாப்பா அழாமல் பள்ளிக்குப் போகிறாளா?

திங்கட்கிழமை ஒரு கூத்து. எங்கள் பட்டறைக்குப் பழுது பார்க்க வந்த பயணிகள் படகின் பக்கவாட்டு ஏணியில் இறங்கினேன். போல்ட் ஒடிந்து, ஏணியோடு கடலில் விழுந்தேன். பயப்படாதீர்கள், இடுப்பளவுத் தண்ணீர்தான்.

மேஸ்திரி சிரித்தார். "என்னம்மா, மீன் பிடிக்கப் போனியா?"

ஒடிந்த போல்ட்டைத் தூக்கிக் காட்டினேன். "இதைத்தான் பிடிச்சேன். நாளைக்கு இந்த ஏணியில குழந்தைங்க ஏறும், அண்ணே."

சிரிப்பு நின்றுவிட்டது. வெளியே பளபளவென்றிருந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டை, துளைக்குள் தேங்கிய உப்புத் தண்ணீர் அரித்திருந்தது.

"மத்த போல்ட்டெல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

"கழட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

கழற்றினால், பாதிக்கு மேல் அதே கதி. கடலுக்கென்றே வரும் உயர்ரக போல்ட்டுகளை நானே மாற்றினேன். தண்ணீர் புகாதபடி பசை வைத்து அடைத்தேன். படகு ஒருநாள் தாமதமாகத்தான் கிளம்பியது. அந்த ஏணியில் முதலில் ஏறியதும் நான்தான்.

ஸ்டீல் துடைக்க மெத்தென்ற துணி இங்கே கிடைப்பதில்லை. உங்கள் பழைய சட்டை ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், கழற்றியபடியே அனுப்புங்கள்.

மேஸ்திரி கூப்பிடுகிறார், போகிறேன்.

உங்கள்
பாப்பா அம்மா