எலுமிச்சை கலக்காமல்

6 செப்டம்பர் 1981, ஞாயிறு. சரோஜினி நகர், டெல்லி.

இன்றும் மீனு கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டியிருந்தாள். ஷேவ் செய்ய நேராக்கினேன். முடித்ததும் பழையபடி திருப்பி வைத்தேன். வேறென்ன செய்ய?

பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வந்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு போர்டு பரீட்சைக்கு அக்டோபர் 15க்குள் இரண்டு போட்டோ வேண்டுமாம். எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். போட்டோ இல்லாமல் பரீட்சை எழுத விடமாட்டார்களே அம்மா என்றேன். "தோ க்யா? அதனால என்ன? எழுதலை." கதவு சாத்திக்கொண்டது.

கோடையில் ஆரம்பித்த பரு. இப்போது நெற்றி, கன்னம், தாடை எல்லாம். இவள் அம்மா வள்ளி இருந்திருந்தால் - இல்லை. அவள் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. "இருந்திருந்தால்" என்று இனி எழுதக் கூடாது. இருப்பவன் நான்தான்.

8 செப்டம்பர்

நேற்று பஸ் ஸ்டாப்பில் இரண்டு பெண்கள் மீனுவை "ஷரீஃபா" என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். செல்லப்பேர் போல என்று நினைத்தேன். இன்று ஆபீஸில் சர்மாவிடம் அர்த்தம் கேட்டேன். சீதாப்பழமாம்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

அடுத்த சீட் ராமமூர்த்தி விசாரித்தார். சொன்னேன். "முல்தானி மிட்டி வாங்கிப் பூசச் சொல்லும். கொஞ்சம் எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கணும். எங்காத்துல அதான்" என்றார். மண்தானே, என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது?

13 செப்டம்பர், ஞாயிறு

மார்க்கெட் மளிகைக் கடையில் முல்தானி மிட்டி வாங்கினேன். வெளிர்மஞ்சள் கட்டிகள். அம்மியில் நுணுக்கி, பழைய வேட்டித் துணியில் சலித்து, ஒரு முழு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து குழைத்தேன். மீனு சண்டை போடாமல் பூசிக்கொண்டாள். அவளுக்கும் ஆசை இருந்திருக்கிறது.

எரியுது அப்பா என்றாள். கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம் - இதை நான்தான் சொன்னேன். எவன் சொல்லிக் கொடுத்தான் எனக்கு?

கழுவினபோது முகம் பழுத்த மிளகாய். இரண்டு இடத்தில் தோல் உரிந்துவிட்டது. அழக்கூட இல்லை. "நீங்க போட்டுப் பாத்தீங்களா அப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

இல்லையே. பச்சைப் பிள்ளை முகத்துல எலுமிச்சையைப் பிழிஞ்சு ஊத்திட்டனே. என்ன அப்பன் நான்.

15 செப்டம்பர்

அரை நாள் லீவு போட்டு டிஸ்பென்சரிக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா மீனுவைப் பார்க்கும் முன்னாலேயே என்னைப் பார்த்துக் கோபித்தார். புண்ணில் எலுமிச்சையா? பூச லோஷன் எழுதிக் கொடுத்தார். பத்து நாள் வேறு எதையும் முகத்தில் வைக்கக் கூடாது. கிள்ளக் கூடாது, தேய்க்கக் கூடாது. புண் ஆறின பிறகு மண் போடலாமா என்று பயந்துகொண்டே கேட்டேன். போடலாம், வெறும் தண்ணீரில், வாரம் ஒரு தடவை, முழுக்கக் காய்வதற்கு முன் கழுவிவிட வேண்டும் என்றார். "ஒரே வாரத்தில் எதுவும் போகாது. மாசக்கணக்காகும். பொறுமை இருக்கிறதா?"

இருக்கு என்று நான் சொன்னேன்.

16 செப்டம்பர்

முடிவு செய்துவிட்டேன். இனி அந்த மண் முதலில் என் முகத்தில். பிறகுதான் அவளுக்கு.

20 செப்டம்பர், ஞாயிறு

காலையில் வெறும் தண்ணீரில் குழைத்துப் பூசிக்கொண்டு பேப்பர் படிக்க உட்கார்ந்தேன். நேரம் போனது தெரியவில்லை. காய்ந்து வெடித்துவிட்டது. வாயைத் திறக்க முடியவில்லை, கன்னத்தை யாரோ இழுத்துத் தைத்த மாதிரி. அந்த நேரம் பார்த்து மாடி வீட்டுக் காமாக்ஷி மாமி கதவைத் தட்டினார். திறந்தேன்.

"ஐயோ பரமசிவம் சார்! என்ன ஆச்சு உமக்கு?"

"ம்... ம்..." என்றேன். உள்ளே இருந்து மீனு சிரித்தாள். எத்தனை மாசம் ஆச்சு இவள் சிரித்து! ஓடிவந்து, "மாமி, அப்பா ஃபேஷியல் பண்றார்" என்றாள். மாமி போனதும் ஈரத்துண்டை எடுத்து அவளே என் முகத்தைத் துடைத்தாள். "பூரா காயவிடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்கல்ல? சுன்தே நஹீ ஹோ ஆப், சொன்னா கேக்கறதே இல்லை."

27 செப்டம்பர், ஞாயிறு

புண் ஆறிவிட்டது. இருவரும் பூசிக்கொண்டோம். கடிகாரம் பார்த்து எட்டு நிமிஷம். எரியவில்லை என்றாள்.

2 அக்டோபர்

மாமி வீட்டுக் கொலுவுக்குப் போக மாட்டேன் என்றவளை நான்தான் அனுப்பினேன். அங்கே யாரோ ஒரு அம்மாள் எல்லோர் முன்னாலும் அவள் தாடையைத் தூக்கிப் பார்த்து, "அடடா, பொண்ணு முகத்தை இப்படி விட்டுட்டாங்களே" என்றாளாம். மாமி அந்த அம்மாளைத் திட்டினாராம். என்ன பிரயோசனம்? கீழே வந்தவள் பாத்ரூமில் அத்தனை பருவையும் கிள்ளிவிட்டாள். ரத்தம்.

ஏட்டி, ஏன்டி இப்படிப் பண்ணினன்னு கத்திட்டேன். கத்தியிருக்கக் கூடாது.

4 அக்டோபர், ஞாயிறு

மீனு வரவில்லை. நான் மட்டும் பூசிக்கொண்டேன். எட்டு நிமிஷம். விடப் போவதில்லை.

11 அக்டோபர், ஞாயிறு

அடுக்களையில் சத்தம் கேட்டுப் போனேன். இரண்டு கிண்ணம் எடுத்து வைத்து மண்ணைக் குழைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே, "போன வாரம் உங்க காதுல ஒட்டிட்டிருந்துச்சு. திங்கக்கிழமை அப்படியே ஆபீஸ் போயிட்டீங்க" என்றாள்.

அதனால்தான் சர்மா அப்படிப் பார்த்தாரா!

புதுப் பரு குறைந்திருக்கிறது. தழும்பு அப்படியேதான். பொய் எழுத மாட்டேன்.

14 அக்டோபர்

கடைசி நாளுக்கு முந்தின நாள். நான் கேட்கவில்லை. பள்ளியிலிருந்து வந்தவள் தலையை வாரிக்கொண்டு "சலோ அப்பா, ஸ்டூடியோவுக்கு" என்றாள்.

அர்ஜென்ட் என்றதும் காலையில் தருவதாக ஸ்டூடியோக்காரர் ஒப்புக்கொண்டார். மீனுவின் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாக, நெகடிவில் பென்சிலால் சரிசெய்துவிடலாம், ஒரு புள்ளி தெரியாது என்றார். எனக்கு உடனே சரி என்று தோன்றியது. தலையைக்கூட ஆட்டிவிட்டேன்.

"நஹீ பாய்சாப். ஜைஸா ஹை, வைஸா ஹீ." மீனுதான். இருக்கிற முகம் இருக்கிறபடி. என் பக்கம் திரும்பி, "பரீட்சை ஹால்ல போட்டோவையும் என்னையும் வெச்சுப் பாப்பாங்க அப்பா. வேற யாரோ மாதிரி இருந்தா?" என்றாள்.

அது மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். விளக்கைப் போட்டார்கள். நேராக உட்கார்ந்தாள்.

15 அக்டோபர்

போட்டோ கொடுத்தாகிவிட்டது.

8 நவம்பர், ஞாயிறு

காலையில் மீனுவின் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள், ஹர்ப்ரீத். துப்பட்டாவை மூக்கு வரை இழுத்துவிட்டிருந்தாள். மீனு அவளை அடுக்களையில் உட்காரவைத்து இந்தியில் பாடம் எடுத்தாள்: எலுமிச்சை கூடவே கூடாது, முதலில் முழங்கையில் போட்டுப் பார், கிள்ளாதே, ஒரு மாசத்தில் போகும் என்று நினைக்காதே. எட்டிப் பார்த்த என்னை விரட்டினாள்.

"அப்பா, அவ வெக்கப்படறா. நீங்க பால்கனிக்குப் போங்க. உங்களுக்கும் கலந்து வெச்சிருக்கேன்."

பூசிக்கொண்டு பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நல்ல வெயில். உள்ளே இரண்டு பெண்களும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். கீழே காய்கறி வண்டிக்காரர் நிமிர்ந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார். முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றவில்லை. எட்டிப் பார்த்து, காலிஃப்ளவர் இன்றைக்கு வந்ததா என்று கேட்டேன்.