கொல்லிமலைக்குப் பதில் ஆள்

ஆட்டையாம்பட்டி
6.8.84

மாமா அவர்களுக்கு வள்ளியாத்தாள் வணக்கத்துடன் எழுதுவது.

எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. அத்தை நலம். எருமை கிடாக்கன்று போட்டிருக்கிறது. நான் கோபமாக இருக்கிறேன்.

ஆடிப் பதினெட்டுக்கு நீங்கள் வருவீர்கள் என்று மாவிடித்து வைத்திருந்தேன். வந்தவர் பச்சமுத்து அண்ணன். ஒரே போர்வெல் ரிக் வண்டியில் வேலை செய்கிற அவருக்குக் கிடைத்த லீவு உங்களுக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை? உங்களுக்குப் பதிலாக அவரே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலையேற வேண்டும் என்று சொல்லி அனுப்பினீர்களாமே. போர் போடப் பதில் ஆள் வைக்கலாம். சாமிக்கு நேர்ந்ததற்குமா?

நம் சௌந்திரம் கைக்குழந்தையாகக் காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தபோது, ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதது யார்? பிழைத்தால் என் தோளிலேயே சுமந்து கொல்லிமலை ஏறி, அறப்பளீசுவரர் கோயிலில் முடி இறக்குகிறேன் என்று சொன்னது யார்? பிழைத்தாள். நீங்கள் அந்த மாதமே வடக்கே வண்டி ஏறினீர்கள். மூன்று ஆடி போய்விட்டது. அவள் முடியோ இடுப்பைத் தொடுகிறது. பேன் பார்த்தே என் கண் பூத்துவிட்டது.

இந்த ஆடியும் தவறினால் தெய்வக் குற்றம் என்று அத்தை விடாமல் சொன்னதால்தான் கிளம்பினேன். அடிவாரத்திலிருந்து பாதி மலை வரை வீம்புக்கு நானே பிள்ளையைத் தூக்கினேன். செங்குத்துப் பாதை, சாரலில் நனைந்த பாறை. கால் வழுக்கியது. "கீழ போட்டுருவீங்க அம்மிணி, புள்ளையக் குடுங்க" என்று அண்ணன் வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

மேலே ஒரு திருப்பத்தில் மேகம் விலகியது. நாமக்கல் கோட்டைப் பாறை அச்சு வெல்லம் மாதிரி கிடந்தது. அதைத் தாண்டிக் கடலைக்காடு, கிணறு, தென்னந்தோப்பு, கண்ணுக்கு எட்டின மட்டும் பச்சை. சௌந்திரம் கை தட்டிச் சிரித்தாள். அவ்வளவு அழகையும் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்தச் சிரிப்பை உங்கள் தலைக்கு மேலே அல்லவா அவள் சிரித்திருக்க வேண்டும்?

கோயிலில் நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "அப்பங்காரரு யாருங்க?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் சௌந்திரம் அண்ணனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "இவருதானுங்க எங்கப்பா" என்றாள்.

அண்ணன் பிள்ளையை இறக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவளும் பொய் சொல்லவில்லை. தூக்கியவரைத்தானே அவள் பார்த்தாள். நான் கத்தியை மடக்கச் சொல்லிவிட்டு, சாமியை மட்டும் கும்பிட்டுப் பிள்ளையை மலையிறக்கிக் கூட்டி வந்துவிட்டேன். நேர்த்தியைப் பாதியில் விட்டவள் என்று அத்தை இன்றுவரை என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும். அந்த முடிக்கு நேர்ந்தவர் வந்தால்தான் கத்தி படும். இனி ஒரு பதில் ஆளை அனுப்பினீர்கள் என்றால், வீட்டு வாசலோடு திருப்பி அனுப்புவேன்.

வாய்க்கு வந்ததை எழுதிவிட்டேன். ரிக் ஓடும்போது குழாயோரம் சூதானமாக நில்லுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அறப்பளீசுவரர் உங்களைக் காப்பாற்றட்டும்.

பிள்ளை நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போகிறாள், மாமா. உங்கள் தோள் தாங்குகிற காலத்திலேயே வந்துவிடுங்கள்.

உங்கள் பிள்ளையைப் பெற்றவள்,
வள்ளியாத்தாள்