கூவும் கால் ஆணி

பெப்ரவரி 3, சனி

கிளடிஸ் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். மெக்சிகோவின் வெராக்குரூஸ் கரைப் பாட்டுகளை, அங்கிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பார்க்டேல் மண்டபத்தில் சொல்லிக்கொடுப்பவர். பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் வராது, ஆங்கிலம்தான். அந்த வகுப்பில் நான் ஒருத்திதான் வளர்ந்த மாணவி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, "நிரூபா, இனி நீதான் நடத்த வேண்டும்" என்கிறார். நானா? 'ஓலா'வுக்கு மேல் ஒரு சொல் தெரியாத நானா?

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "உமக்கும் விளங்காது, அதுகளுக்கும் விளங்காது. பிறகென்ன, படிப்பியுமன்!"

பெப்ரவரி 10

கிளடிஸ் பாடக் கேட்டு நான் தமிழில் எழுதி வைத்திருந்த சேவல் பாட்டைப் பழக்கினேன். டக்கென்று பிடித்துக்கொண்டார்கள். தாளத்துக்கு மிதித்து ஆடும் மரப்பலகையில் ஏறி மிதித்த மிதியில் கீழ்மாடி யோகா வகுப்பு கலைந்தது.

பெப்ரவரி 17

வகுப்புப் பையன் டியேகோவின் அம்மா மரிசோல் போனில் கூப்பிட்டார். "என் மகன் ஏன் வீடு முழுக்கக் கால் ஆணியைப் பற்றிப் பாடித் திரிகிறான்?"

'சங்கு' என்பதில் வரும் க போல மெல்லச் சொன்னால் சேவலாம். 'காகம்' என்பதன் முதல் எழுத்துப் போல அழுத்தினால் கால் ஆணியாம். நான் எழுதியதில் இரண்டும் 'காயோ'தான். அதாவது வகுப்பே சேர்ந்து, 'விடியுது, என் கால் ஆணி கூவுது, எழும்பு பெண்ணே' என்று—

ஐயோ கடவுளே. வாற மாசம் தாய் தேப்பனுக்கு முன்னால பாட வேணும். என்ன செய்யப்போறன்?

பெப்ரவரி 18

கிளடிஸிடம் சொன்னேன். சிரித்த சிரிப்பில் இடுப்பு நொந்து, தாதி என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

மார்ச் 2

சங்கு, சங்கு, சங்கு. டியேகோ அழுதான். அவனுக்கு ஆணிதான் பிடிக்குமாம்.

மார்ச் 16, சனி

மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் சக்கர நாற்காலியில் கிளடிஸ். பிள்ளைகள் ஒரு பிழையும் விடவில்லை. சேவல் சுத்தமாகக் கூவியது. கைதட்டல்தான் சோர்ந்து கிடந்தது. பின்வரிசையில் ஒருவர் ஸ்பானிஷில் ஏதோ கத்தினார். பிறகு எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள்.

"என்னவாம்?" என்று மரிசோலைக் கேட்டேன்.

"ஆணி எங்கே என்கிறார்கள். அதைக் கேட்கத்தான் வந்தார்களாம்."

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் கிளடிஸைப் பார்த்தேன். அவர் நாற்காலிக் கையில் தாளம் போடத் தொடங்கிவிட்டார். பிள்ளைகள் கால் ஆணியையே கூவவிட்டார்கள். கலியாண வீட்டில்கூட ஆடாத என் மனிசன், பலகையில் ஏறி மிதித்தார்.

ஏப்ரல் 6, சனி

கிளடிஸ் வகுப்புக்கு வந்துவிட்டார். பழைய மெட்டுக்குப் புது வரி கட்டிப் பாடுவது அந்தக் கரையின் வழக்கமாம். இன்று கட்டியதில் ஆணி சப்பாத்துக் கடைக்குப் போகிறது. மற்ற எல்லாம் அவர் பார்த்துக்கொள்வாராம். 'க'வுக்கு மட்டும் நான்தான் மிஸ்.