மொட்டைத் தலைக் கார்குழலி

குழந்தையின் அப்பாவுக்கு,

நான் பார்லருக்குக் கிளம்பிவிட்டேன். பால் ஃப்ரிட்ஜில் இருக்கிறது, சாவி செருப்பு அலமாரி மேல். மத்தியானம் உங்கள் தங்கை வருகிறாளாம்.

நேற்று வந்தவர்கள் முன்னால், "தலையில ஒத்த முடியக் காணோம், பேரு மட்டும் கார்குழலியாம்!" என்று சிரித்தீர்களே, எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. கார் என்றால் மழைமேகம், குழல் என்றால் கூந்தல். இரண்டும் கலப்படமில்லாத பழந்தமிழ். "இப்பல்லாம் யாரு அண்ணி இப்படி வைக்கிறா?" என்றாள் உங்கள் தங்கை. யாரும் வைப்பதில்லை, அதனால்தான் வைத்தேன். அவள் வைக்கச் சொன்ன பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும்.

நாள் முழுக்க ஊரார் முடியை வெட்டுகிறவள் நான். முடி வளரும் என்று எனக்குத் தெரியாதா?

உங்கள் பெயருக்கு மாவீரன் என்று அர்த்தம். அன்றைக்குக் கரப்பான்பூச்சியைப் பார்த்துக் கட்டில் மேல் ஏறி நின்றீர்களே, ஊரைக் கூட்டியா சிரித்தேன்?

இப்படிக்கு,
கார்குழலியின் அம்மா

பி.கு.: பாலைச் சூடு பார்த்துக் கொடுங்கள்.

இன்னொன்று. அவளை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நேற்று நான் கூப்பிட்டதும் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். நீங்கள்தான் பார்க்கவில்லை, சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.